மண்ணுக்குச் சாட்சி யார்? இயற்கை வேளாண்மைச் சான்றும் பலெர்மோ எழுப்பும் கேள்வியும்

இத்தாலியில் விற்கப்படும் ஒரு பாஸ்தா பொட்டலத்தின் மேல் இரண்டு உறுதிமொழிகள் அச்சாகியிருக்கின்றன. ஒன்று, பச்சைப் பின்னணியில் வெள்ளை விண்மீன்களை இலை வடிவில் கோத்த சின்னம். ஐரோப்பிய ஒன்றியத்தின் இயற்கை வேளாண்மை முத்திரை. மற்றொன்று, இந்தக் கோதுமை மாஃபியாவிடமிருந்து மீட்ட நிலங்களில் விளைந்தது என்னும் வாசகம். சிசிலித் தீவின் பலெர்மோ நகருக்குத் தெற்கே சான் ஜுசெப்பே யாத்தோ, கொர்லியோனே ஊர்களைச் சுற்றியுள்ள மேட்டுநிலங்களில் உழும் 'லீபெரா தெர்ரா' கூட்டுறவுகளின் பொட்டலம் அது. முதல் உறுதிமொழியின் பின்னால் சட்டம், ஆய்வாளர், பதிவேடு, ஆண்டுக் கட்டணம் எல்லாம் நிற்கின்றன. இரண்டாவதை ஐரோப்பியச் சட்டத்தின் எந்த விதியும் கேட்பதில்லை. ஒரு விளைபொருளை இயற்கையானது என்று சொல்ல என்ன தகுதி வேண்டும், அந்தத் தகுதிக்குச் சாட்சி சொல்லும் உரிமை யாருக்கு உண்டு என்ற கேள்விக்கு நூறாண்டுகளாகப் பல விடைகள் சொல்லப்பட்டுவிட்டன. அவற்றை வரிசையாகப் பார்க்கும்போது ஒன்று தெளிவாகிறது. மண்ணில் எதைப் போட்டார்கள் என்பதற்குச் சாட்சி சொல்லும் திறமை படிப்படியாகக் கூர்மையடைந்தது. அந்த மண் யாருடையது, அதில் குனிந்து வேலை செய்பவர் யார், அவருக்குக் கிடைத்தது என்ன என்பவை அதே வேகத்தில் சாட்சியத்துக்கு வெளியே போயின. இந்த இடைவெளி தற்செயலாக விழுந்ததல்ல என்பதும், அதை மூடாமல் இயற்கை வேளாண்மை தன் சொல்லைக் காப்பாற்ற முடியாது என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

பெயரில் தொடங்கும் வேறுபாடு

தமிழில் இந்த வேளாண்மைக்கு இன்னும் ஒரே பெயர் நிலைபெறவில்லை. வேளாண் அறிஞர் நம்மாழ்வாரின் வழியில் வந்த உழவர்கள் 'இயற்கை வேளாண்மை' என்கிறார்கள். அரசின் சான்றளிப்புத் துறை 'அங்ககம்' என்று எழுதிவந்தது. 2023-இல் தமிழ்நாடு அரசு வெளியிட்ட கொள்கை 'உயிர்ம வேளாண்மை' என்ற சொல்லை எடுத்துக்கொண்டது. இத்தாலியர் 'பயோலாஜிக்கோ' என்கிறார்கள்; அதன் வேரில் இருப்பதும் உயிர்தான். இது வெறும் சொல்லாக்கச் சிக்கல் என்று ஒதுக்கிவிட முடியாது. 1940-இல் நார்த்போர்ன் பிரபு ஆங்கிலத்தில் இப்பெயரை முதன்முதலாக நூலில் வைத்தபோது, பண்ணை முழுவதும் உறுப்புகள் ஒன்றையொன்று தாங்கி நிற்கும் ஓர் உயிர் என்பதே அவர் கருதிய பொருள். மாடு, சாணம், பயிர், மண், மனிதர் எல்லாம் அந்த உடலின் உறுப்புகள். இன்று சட்டம் அச்சொல்லுக்குத் தரும் பொருள் இதைவிட மிகக் குறுகியது. பெரும்பாலும் அது 'எதைப் போடக்கூடாது' என்ற பட்டியலாகவே உழவரின் கைக்கு வந்து சேர்கிறது.

தொடக்கங்கள் பல. ஆல்பர்ட் ஹோவார்டு 1905-இல் பீகாரின் பூசாவுக்கு வந்து, 1924 முதல் 1931 வரை இந்தூரில் பணியாற்றி, இந்திய உழவர்களின் வழக்கங்களிலிருந்து கற்றதை 'இந்தூர் முறை' என்ற மட்கு உரத் தயாரிப்பாக வகுத்தார். 1940-இல் வந்த அவருடைய நூல் மேற்குலகின் இயக்கத்துக்கு அடித்தளமானது. 1924 ஜூனில் கோபர்விட்ஸ் என்ற ஊரில் ருடால்ஃப் ஸ்டைனர் ஆற்றிய எட்டுச் சொற்பொழிவுகளிலிருந்து உயிராற்றல் வேளாண்மை பிறந்தது. பிரிட்டனில் ஈவ் பால்ஃபர் 1943-இல் எழுதிய நூலைத் தொடர்ந்து 1946-இல் மண் சங்கம் அமைந்தது. ஹோவார்டின் வழி சோதித்துப் பார்க்கக்கூடியது. ஸ்டைனரின் வழியில் பெரும்பகுதி நம்பிக்கையைச் சார்ந்தது. அந்தப் பழைய பிளவு இத்தாலியில் அண்மையில் மீண்டும் வெடித்தது. இயற்கை வேளாண்மைச் சட்ட முன்வடிவு உயிராற்றல் முறையையும் அதற்கு நிகராக வைத்ததை நோபல் பரிசு பெற்ற இயற்பியலாளர் ஜார்ஜோ பரீசியும், அறிவியலாளரும் செனட்டருமான எலேனா கத்தானியோவும் கடுமையாக எதிர்த்தனர். 2022 பிப்ரவரியில் நாடாளுமன்றத்தின் கீழவை அந்த வரியை நீக்கியது. மார்ச்சில் சட்டம் நிறைவேறியது. தொடக்கக் கால முன்னோடிகளைப் பற்றி வசதியாக மறக்கப்படும் இன்னொரு செய்தியும் உண்டு. மண்ணின் தூய்மையைப் பேசியவர்களில் சிலர் இனத் தூய்மையைப் பேசியவர்களோடு தோளுரசி நின்றார்கள். பிரிட்டிஷ் மண் சங்க இதழின் ஆசிரியராயிருந்த ஜோரியன் ஜெங்ஸ் பாசிசக் கட்சியில் செயல்பட்டவர். மண்ணை நேசிப்பவர் மனிதரையும் நேர்மையாக நடத்துவார் என்று தானாக எடுத்துக்கொள்ள வரலாறு இடம் தரவில்லை.

நம்பிக்கையிலிருந்து பதிவேட்டுக்கு

வாங்குபவரும் விளைவிப்பவரும் ஒருவரையொருவர் அறிந்திருந்த காலத்தில் சான்றிதழுக்குத் தேவை எழவில்லை. தொலைவு கூடியபோதுதான் அது வந்தது. 1967-இல் பிரிட்டிஷ் மண் சங்கம் தன் தரவிதிகளை எழுதியது. 1972 நவம்பரில், பிரான்சின் 'நாத்தூர் எ ப்ரோக்ரே' அமைப்பின் அழைப்பில் வெர்சாயில் ஐந்து அமைப்புகள் கூடி, இயற்கை வேளாண்மை இயக்கங்களின் பன்னாட்டுக் கூட்டமைப்பான ஐஃபோமை நிறுவின. பிரான்ஸ், பிரிட்டன், சுவீடன், தென்னாப்பிரிக்கா, அமெரிக்கா ஆகிய நாடுகளிலிருந்து வந்தவை அவை. ஹோவார்டுக்குக் கற்றுக்கொடுத்த உழவர்களின் நாட்டிலிருந்து அந்த மேசைக்கு யாரும் வரவில்லை. 1980-இல் கூட்டமைப்பு அடிப்படைத் தரவிதிகளை வெளியிட்டது. அதன்பின் அரசுகள் உள்ளே வந்தன: 1991-இல் ஐரோப்பாவின் 2092-ஆம் எண் ஒழுங்குமுறை, 1990-இல் அமெரிக்கச் சட்டம், 1999-இல் உணவுத் தரங்களுக்கான கோடெக்ஸ் ஆணையத்தின் வழிகாட்டி, 2001-இல் ஏற்றுமதியை மனத்தில் வைத்து இந்தியாவின் தேசியத் திட்டம்.

இந்த மாற்றத்தின் நன்மையைக் குறைத்துச் சொல்லக்கூடாது. சட்டம் இல்லாதிருந்தால் 'இயற்கை' என்ற சொல்லை எந்த வணிகரும் எதன் மேலும் ஒட்டியிருப்பார். ஓராண்டுப் பயிருக்கு 2 ஆண்டு, மரப்பயிருக்கு 3 ஆண்டு என்று மாற்றுக் காலம் வகுத்ததும், களத்திலிருந்து கடை வரை சரக்கைப் பின்தொடரும் பதிவேடு கட்டாயமானதும் சாதாரணச் சாதனைகள் அல்ல. இழப்பும் நேர்ந்தது. ஐஃபோம் 2005-இல் அடிலெய்டில் வகுத்த நான்கு கொள்கைகள் நலம், சூழல், நேர்மை, அக்கறை. இவற்றில் முதல் இரண்டின் ஒரு பகுதியே சட்டமாக மாறியது. நேர்மை ஏன் நுழையவில்லை என்பதற்கு விடை எளிது. உரமூட்டையின் ரசீதை ஆய்வாளர் பார்க்க முடியும். இலையில் எஞ்சிய நஞ்சை ஆய்வகம் அளக்க முடியும். கூலி சரியாகக் கொடுக்கப்பட்டதா என்பதை அறிய, வேலை செய்பவர் பயமில்லாமல் பேச வேண்டும். எளிதில் அளக்க முடிந்தது விதியாயிற்று. மற்றது முன்னுரையில் நல்வாக்காகத் தங்கிவிட்டது. கூட்டமைப்பின் தரவிதிகளிலும் ஜெர்மனியின் நாத்தூர்லாண்ட் போன்ற தனியார் தரங்களிலும் உழைப்பாளர் உரிமைக்கு இடம் உண்டு. பச்சை இலை முத்திரையை வழங்கும் ஐரோப்பியச் சட்டத்தில் கூலிக்கோ வேலை நேரத்துக்கோ உறைவிடத்துக்கோ ஒரு விதிகூட இல்லை.

மானியம் வளர்த்த பரப்பு

2022 கணக்கின்படி உலகில் சுமார் 9.6 கோடி ஹெக்டேரில் சான்று பெற்ற இயற்கை வேளாண்மை நடந்தது. இது மொத்த வேளாண் நிலத்தில் 2 சதவீதம். அதிலும் பாதிக்கு மேல் ஆஸ்திரேலியாவின் மேய்ச்சல் வெளி. சான்று பெற்ற 45 லட்சம் உழவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் இந்தியர்கள். விளைந்ததை வாங்கும் சந்தையோ பெரும்பாலும் வட அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் இருக்கிறது. இந்தப் படத்தில் இத்தாலி தனித்து நிற்கிறது. அந்த நாட்டின் வேளாண் நிலத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு இன்று இயற்கை வேளாண்மையில் இருக்கிறது. 2030-க்குள் 25 சதவீதம் என்று ஐரோப்பிய ஒன்றியம் 2020-இல் அறிவித்த இலக்குக்கு மிக அருகில் வந்த பெரிய நாடு அதுவே. இத்தாலிக்குள் முதலிடம் சிசிலிக்கு: சுமார் 4 லட்சம் ஹெக்டேர், அதாவது ஏறக்குறைய 10 லட்சம் ஏக்கர்.

இந்த எண்ணைப் பார்த்துச் சிசிலியின் உழவர்கள் எல்லாரும் ஹோவார்டின் சீடர்களாகிவிட்டார்கள் என்று முடிவு செய்தால் தவறாகும். தீவின் உட்பகுதி மானாவாரி நிலம். கடினக் கோதுமை, பயறு, ஒலிவம், மேய்ச்சல் இவையே அங்கே மிகுதி. மழை குறைந்த அந்த மேடுகளில் ரசாயனத்தின் அளவு முன்பே குறைவு. அதனால் இயற்கை முறைக்கு மாறப் பெரிய மாற்றம் எதுவும் தேவைப்படவில்லை. 1992 முதல் ஐரோப்பிய ஒன்றியம் ஹெக்டேருக்கு இவ்வளவு என்று உதவித்தொகை கொடுக்கத் தொடங்கியதும் பரப்பு பாய்ந்து விரிந்தது. அந்தத் தொகைகள் தளர்ந்தபோது என்ன ஆயிற்று என்பதை இத்தாலியின் மொத்தக் கணக்கே காட்டுகிறது: 2001-இல் 12 லட்சம் ஹெக்டேரைத் தாண்டியிருந்த பரப்பு 2004-இல் சுமார் 9.5 லட்சமாகச் சுருங்கியது. இயற்கை முறையில் விளைந்தும் முத்திரையில்லாமல், சாதாரணக் கோதுமையோடு கலந்து விற்பனையான சரக்கும் உண்டு. மானியம் பெறச் சான்றிதழ் தேவைப்பட்டது. சந்தைக்கு அது தேவைப்படவில்லை.

இதை வைத்து மானியமே வீண் என்று வாதிடுபவர்கள் உண்டு. நான் அப்படிக் கருதவில்லை. உதவித்தொகை இல்லாமல் அந்த மேட்டுநிலங்கள் தரிசாகியிருக்கலாம். களைக்கொல்லி தெளிக்காத ஒவ்வோர் ஏக்கரும் நீருக்கும் பூச்சிக்கும் நன்மையே. ஆனால் பரப்புக்குப் பணம் கொடுக்கும் முறையில் ஒரு பொறி இருக்கிறது. பணம் நிலத்தைக் கையில் வைத்திருப்பவருக்குப் போகிறது. உழுபவர் வேறு ஆளாக இருந்தால் அவருக்கு எதுவும் போவதில்லை. சிசிலியில் நிலத்தைக் கையில் வைத்திருப்பது யார் என்பது சாதாரணக் கேள்வி இல்லை. 2020 ஜனவரியில் நெப்ரோதி மலைப்பகுதியில் 94 பேர் கைதானார்கள். மாஃபியாக் குடும்பங்கள் மற்றவர்களின் நிலங்களையும் பொது நிலங்களையும் தம்முடையவை என்று காட்டி ஐரோப்பிய வேளாண் நிதியை ஆண்டுக்கணக்காக உறிஞ்சியது அந்த வழக்கு. அது பொதுவான வேளாண் மானியம் பற்றியது; இயற்கை வேளாண்மைக்கு மட்டும் உரிய களங்கம் இல்லை. ஆனாலும் ஹெக்டேரை எண்ணிப் பணம் கொடுக்கும் எந்தத் திட்டமும் நில உரிமையைக் கேட்காமல் நேர்மையாக நடக்காது என்பதை அது காட்டிவிட்டது.

கந்தகத்தின் வரலாறு

எது இயற்கையானது என்ற கேள்வி எவ்வளவு வழுக்கலானது என்பதைச் சிசிலியின் ஒரு பொருளே விளக்கும். கந்தகம் பூமியிலிருந்து கிடைப்பது. ஆகவே இயற்கை வேளாண்மைத் தரங்கள் அதை அனுமதிக்கின்றன. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் ஐரோப்பியத் திராட்சைத் தோட்டங்களைச் சாம்பல் நோய் தாக்கியபோது காப்பாற்றியது கந்தகத் தூள். அன்று உலகத்தின் கந்தகத்தில் மிகப் பெரும்பகுதி சிசிலியின் சுரங்கங்களிலிருந்து வந்தது. அங்கே பாறைகளைச் சுமந்து மேலேற்றியவர்கள் 'கருசி' எனப்பட்ட சிறுவர்கள். அவர்களின் பெற்றோருக்கு ஒரு தொகை முன்பணமாகத் தரப்பட்டது. அந்தக் கடன் தீரும்வரை பிள்ளை சுரங்கத்துக்கு உரியவன். கொத்தடிமை முன்பணத்தை அறிந்த தமிழ் வாசகருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. இன்று உலகச் சந்தையில் கிடைக்கும் கந்தகத்தில் பெரும்பகுதி கச்சா எண்ணெயையும் எரிவாயுவையும் சுத்திகரிக்கையில் பிரிந்து வரும் துணைப்பொருள்.

தாமிரமும் அப்படித்தான். பூஞ்சண நோயைத் தடுக்கத் தெளிக்கும் போர்டோக் கலவையில் உள்ள தாமிரம் மண்ணில் சிதையாமல் சேர்ந்துகொண்டே போகும் உலோகம். அதற்கு மாற்று கிடைக்காததால் ஐரோப்பிய ஒன்றியம் 7 ஆண்டுகளில் ஹெக்டேருக்கு 28 கிலோ என்று உச்சவரம்பு வைத்து அனுமதிக்கிறது. இதைக் காட்டி இயற்கை வேளாண்மை முழுவதையும் பொய் என்று சொல்லும் விமர்சகர்களோடு எனக்கு உடன்பாடில்லை. வரம்பு வைத்ததே நேர்மையின் அடையாளம். நான் சொல்ல வருவது வேறு. ஒரு பொருள் என்ன தன்மையுடையது என்று தரவிதி கேட்கிறது. அது எப்படி, யார் கையால் வந்தது என்று கேட்பதில்லை. நூறு ஆண்டுகளுக்கு முன் இன்றைய விதிகள் இருந்திருந்தால், அந்தச் சிறுவர்கள் சுமந்த கந்தகம் எந்தத் தடையுமின்றித் தேர்ச்சி பெற்றிருக்கும்.

சாட்சிக்குக் கட்டணம் யார் தருவது

சான்றளிப்பின் அமைப்பிலேயே ஒரு பலவீனம் உண்டு. சோதிக்கப்படும் உழவரோ வணிகரோதான் சோதிக்கும் நிறுவனத்துக்குக் கட்டணம் செலுத்துகிறார். 2011 டிசம்பரில் இத்தாலிய நிதிக் காவல்துறை 'காலணியிட்ட பூனை' என்று பெயரிட்டு நடத்திய நடவடிக்கையில், சாதாரணத் தானியங்களையும் மாவையும் பொய் ஆவணங்களோடு இயற்கைச் சரக்காக விற்ற கும்பல் பிடிபட்டது. சில ஆண்டுகளில் 7 லட்சம் டன், மதிப்பு சுமார் 22 கோடி யூரோ என்று காவல்துறை கணக்கிட்டது. சான்றளிப்பு அமைப்புகளோடு தொடர்புடையவர்களும் அதில் சிக்கினார்கள். 2018-இல் இத்தாலி சட்டம் இயற்றிச் சான்றளிப்பவருக்கும் சான்று பெறுபவருக்கும் இடையிலான நலன் மோதலை இறுக்கிப் பிடித்தது. 2020-இல் இந்திய எள்ளில் எத்திலீன் ஆக்சைடு கண்டறியப்பட்டு ஐரோப்பா முழுவதும் எச்சரிக்கை பரவியபோது, இயற்கை முத்திரையோடு வந்த சரக்கும் அதில் அகப்பட்டது. அதன் பின்விளைவு ஏற்றுமதியாளரோடு நிற்கவில்லை. சிறு உழவர்கள் மீதும் பரிசோதனைச் சுமையாக இறங்கியது.

இதற்கு மாற்றாக எழுந்ததே பங்கேற்புச் சான்றுமுறை. ஓர் ஊரின் உழவர்கள் ஒருவர் வயலை ஒருவர் பார்த்து, நுகர்வோரையும் சேர்த்துக்கொண்டு, ஒருவருக்கொருவர் உறுதி சொல்வது அது. பிரேசிலின் ஈக்கோவிடா வலையமைப்பு வளர்த்த இந்த முறையை 2004-இல் டோரெஸ் நகரில் நடந்த பன்னாட்டுக் கூட்டம் உலகுக்கு அறிமுகப்படுத்தியது. பிரேசில் சட்டம் அதை ஏற்றது. இந்திய அரசும் உள்நாட்டுச் சந்தைக்கு ஏற்றது. ஐரோப்பிய ஒன்றியம் இன்றும் ஏற்கவில்லை. இத்தாலியில் அரசின் முத்திரையை ஒதுக்கிவிட்டு நேரடி உறவில் நம்பிக்கை வைக்கும் இயக்கங்களும் உண்டு. சிசிலியின் ஆரஞ்சுத் தோட்டத்தார் வடக்கு நகரங்களின் கூட்டுக் கொள்முதல் குழுக்களுக்கு நேரடியாகப் பழம் அனுப்பும் 'லெ கல்லீனே ஃபெலீச்சி' கூட்டமைப்பு, இடைத்தரகரில்லாத அவ்வகை உறவுக்கு நல்ல எடுத்துக்காட்டு.

பங்கேற்பு முறைமேல் எனக்கு மதிப்புண்டு. ஆயினும் அதன் அடியில் ஓர் எண்ணம் சோதிக்கப்படாமல் கிடக்கிறது: அண்டை வயல்காரர் சுதந்திரமாகப் பேசுவார் என்பது. மேற்குச் சிசிலியின் ஊர்களில் பேசாதிருப்பதே உயிர்காக்கும் ஒழுக்கமாகத் தலைமுறை தலைமுறையாகப் பழக்கப்பட்டது. அதற்கு 'ஒமெர்த்தா' என்று பெயர். வலியவன் வயலில் நடந்ததை எளியவன் சாட்சி சொல்லமாட்டான். தமிழ்நாட்டின் ஊர்களில் இதே மௌனத்துக்குச் சாதி என்றும் குத்தகை என்றும் கடன் என்றும் பெயர்கள். நிலவுடைமையாளரின் வயலில் களைக்கொல்லி அடித்ததை அவரிடம் குத்தகைக்கு உழுபவர் குழுக்கூட்டத்தில் எழுந்து சொல்ல முடியுமா? முடியாதென்றால் நிலத்தோடு பிணைந்த அதிகாரத்தைத் தொடாத வரையில் வெளியாள் சான்றும் உள்ளூர்ச் சான்றும் ஒரே இடத்தில் குருடாகின்றன.

யாருடைய நிலம்

பலெர்மோவின் அனுபவம் தனி மதிப்புப் பெறுவது இங்கேதான். 'லீபெரா தெர்ரா' கூட்டுறவுகள் உழும் நிலங்களின் கதை வேளாண்மையிலிருந்து தொடங்கவில்லை. உழைப்பாளர் இயக்கத்திலிருந்து தொடங்கியது. 1947 மே 1 அன்று போர்த்தெல்லா தெல்லா ஜினெஸ்த்ராவில் தொழிலாளர் நாளைக் கொண்டாடிய உழவர்கள்மேல் துப்பாக்கிச் சூடு நடந்து 11 பேர் இறந்தார்கள். 1948 மார்ச் 10 அன்று, தரிசு நிலங்களை உழவர்களுக்குக் கேட்டுப் போராடிய தொழிற்சங்கத் தலைவர் பிளாச்சிதோ ரிட்சோத்தோ கொர்லியோனேயில் கடத்திக் கொல்லப்பட்டார். மலைப்பிளவு ஒன்றில் எறியப்பட்ட அவருடைய எலும்புகள் 2012-இல்தான் அடையாளம் காணப்பட்டன. மாஃபியாவின் சொத்தைப் பறிமுதல் செய்ய வேண்டும் என்று சட்டம் முன்மொழிந்த நாடாளுமன்ற உறுப்பினர் பியோ லா தொர்ரே 1982 ஏப்ரல் 30 அன்று பலெர்மோவில் சுட்டுக் கொல்லப்பட்டார்; அவர் பெயர் தாங்கிய சட்டம் அதே ஆண்டு செப்டம்பரில் நிறைவேறியது. 1995-இல் பாதிரியார் லூயிஜி சியோத்தி தொடங்கிய 'லீபெரா' இயக்கம் நாடு முழுவதும் கையொப்பம் திரட்டியது. அதன் பயனாக 1996-இன் 109-ஆம் எண் சட்டம் வந்தது: பறிமுதலான சொத்து அரசுக் கருவூலத்தில் தூங்காமல் சமூகப் பயன்பாட்டுக்குத் திரும்ப வேண்டும். 2001 நவம்பரில் சான் ஜுசெப்பே யாத்தோவில் ரிட்சோத்தோவின் பெயரில் கூட்டுறவு அமைந்தது. புரூஸ்கா, ரீனா என்னும் மாஃபியாக் குடும்பங்களிடமிருந்து பறிமுதலான நிலங்கள் அதன் உழவுக்கு வந்தன. நிலம் ஊராட்சிகளின் உடைமையாகவே இருக்கிறது. கூட்டுறவு உழும் உரிமையை மட்டும் பெறுகிறது. சமூகக் கூட்டுறவு என்பதால், சட்டப்படி உழைப்பாளரில் குறைந்தது 30 சதவீதம் பேர் வாழ்வில் பின்தள்ளப்பட்டவர்களாக இருக்க வேண்டும்.

இந்தக் கூட்டுறவினர் இயற்கை வேளாண்மையைத் தேர்ந்தது நல்ல விலைக்காக மட்டும் என்று கொள்வது பொருந்தாது. வன்முறையால் திரட்டிய நிலத்தைப் பொதுச்சொத்தாக மீட்டபின், அதன் மண்ணைச் சுரண்டுவது அந்த மீட்பையே பொய்யாக்கிவிடும் என்ற தர்க்கம் அதில் இருக்கிறது. நார்த்போர்ன் கருதிய 'ஓருயிர்ப் பண்ணை' என்ற கருத்துக்கு, அவர் எண்ணிப் பார்த்திராத வழியில், மிக அருகில் வந்திருப்பவை இந்தக் கூட்டுறவுகளே என்பது என் மதிப்பீடு.

குறைகளை மறைக்க வேண்டியதில்லை. பறிமுதலான சொத்துகள் பல ஆண்டுக்கணக்கில் பூட்டிக் கிடக்கின்றன. பொதுநிலத்தை அடமானம் வைக்க முடியாததால் வங்கிக் கடன் கிடைப்பது கடினம். தீவைப்புகளும் மிரட்டல்களும் நேர்ந்திருக்கின்றன. 2015-இல் பலெர்மோ நீதிமன்றத்தில் பறிமுதல் சொத்துகளுக்குப் பொறுப்பான பிரிவின் தலைமை நீதிபதியே முறைகேட்டு விசாரணைக்கு உள்ளாகி, பின்னர் தண்டிக்கப்பட்டார். தீவின் 4 லட்சம் ஹெக்டேரோடு ஒப்பிட்டால் இந்தக் கூட்டுறவுகளின் நிலம் மிகச் சிறிய துண்டு. இவர்களைப் போல் எல்லாரும் ஆகிவிடலாம் என்று சொல்ல வழியில்லை. ஒரு முத்திரை எதையெல்லாம் உறுதி செய்யாமல் விட்டிருக்கிறது என்பதை அளந்து காட்டும் கோலாக இவர்களைக் கொள்ளலாம்.

மறுப்புகள்

முதல் மறுப்பு வலுவானது. சான்றிதழே சிறு உழவருக்குச் சுமை. அதன்மேல் கூலியையும் நில உரிமையையும் ஏற்றினால், ஆவணம் காட்ட ஆள் வைத்திருக்கும் பெரும்பண்ணைகளே எஞ்சும். 1990-களில் கலிஃபோர்னியாவின் காய்கறிப் பண்ணைகளை ஆராய்ந்த ஜூலி கத்மனும் உடன் ஆய்வாளர்களும் எச்சரித்தது இதைத்தான்: விதிகள் உள்ளீட்டுப் பட்டியலாகச் சுருங்கும்போது பெருமுதலாளிகள் பட்டியலை மட்டும் மாற்றிக்கொண்டு உள்ளே வருகிறார்கள். எல்லா நாடுகளுக்கும் இது ஒரேபோலப் பொருந்தாது என்று பின்வந்தவர்கள் காட்டியிருக்கிறார்கள். 2022-இல் நடைமுறைக்கு வந்த ஐரோப்பாவின் 2018/848 ஒழுங்குமுறை குழுச்சான்றுக்கு வழிவிட்டது உண்மை. ஆனால் ஒரு குழுவில் 2000 பேருக்கு மேல் கூடாது, குழு தனிச் சட்ட உருவம் பெற்றிருக்க வேண்டும் போன்ற நிபந்தனைகளால் இந்தியக் குழுக்கள் தம்மை உடைத்து மீண்டும் கட்ட வேண்டியதாயிற்று. இந்த மறுப்பை ஏற்றுக்கொண்டே பதில் சொல்லலாம். புதிய விதிகளின் எடை பண்ணையின் அளவைப் பொறுத்து ஏறட்டும். குடும்ப உழைப்பில் நடக்கும் 5 ஏக்கரில் கூலிப் பதிவேட்டைக் கேட்பது வீண். நூறு பேர் குனிந்து பறிக்கும் தோட்டத்தில் அதைக் கேட்காதிருப்பதுதான் அநீதி.

இரண்டாவது மறுப்பு: உழைப்பைப் பாதுகாக்க வேறு சட்டங்கள் இருக்கின்றனவே. இருக்கின்றன. இத்தாலி 2016-இல் இயற்றிய 199-ஆம் எண் சட்டம், புலம்பெயர்ந்தோரை வயலுக்கு ஓட்டிச்சென்று கூலியில் பங்கு பிடுங்கும் கங்காணி முறையைக் கடுங்குற்றமாக்கியது. ஆனால் தெற்கு இத்தாலியின் வயல்களில் அந்தக் கொடுமை ஓய்ந்துவிடவில்லை. பூச்சிக்கொல்லிக்கும் தனிச் சட்டங்கள் இருந்தும் இயற்கை முத்திரை அவற்றைவிட உயர்ந்த வரம்பைத் தானாக ஏற்றுக்கொண்டது. மண்ணுக்குச் செய்ததை மனிதருக்குச் செய்யக்கூடாது என்பதற்கு நியாயம் ஏதும் புலப்படவில்லை.

மூன்றாவது மறுப்பு விளைச்சலைப் பற்றியது. 2012-இல் 'நேச்சர்' இதழில் வந்த தொகுப்பாய்வு, பயிரையும் சூழலையும் பொறுத்து இயற்கை முறையில் 5 முதல் 34 சதவீதம் வரை விளைச்சல் குறைவதாகக் கண்டது. சுவிட்சர்லாந்தில் 1978 முதல் நடக்கும் நெடுங்கால ஒப்பீட்டுச் சோதனையின் முதல் 21 ஆண்டுகளில் சுமார் 20 சதவீதக் குறைவு பதிவானது. உரமும் ஆற்றலும் அதைவிட மிகுதியாகவே மிச்சமாயின. இந்த இடைவெளியை மறுப்பது இயக்கத்துக்கு அழகில்லை. 2021-இல் இலங்கையில் ரசாயன உர இறக்குமதிக்கு ஒரே ஆணையில் தடை விதித்தபோது, மாற்றுக் காலமும் மட்கு உரமும் பயிற்சியும் இல்லாத வயல்கள் தடுமாறின. நெல்லும் தேயிலையும் சரிந்தன. அதே ஆண்டு நவம்பரில் அரசு பின்வாங்கியது. பலெர்மோவில் ஆயிரக்கணக்கான ஈழத் தமிழர்கள் வாழ்கிறார்கள். ஊரில் உறவுகள் உழுதுகொண்டிருந்த அவர்களுக்கு இது வெறும் செய்தியாக இருந்திருக்க முடியாது. அந்த வீழ்ச்சியை இயற்கை வேளாண்மையின் தோல்வி என்று எழுதியவர்கள் பலர். அங்கே நடந்தது உழவரைக் கேட்காமல் எடுத்த முடிவு. ஓருயிரில் ஓர் உறுப்பு உழவர் என்றால், அவரை விட்டுவிட்டு எடுத்த ஆணை தொடக்கத்திலேயே இந்த வேளாண்மையின் கொள்கைக்கு எதிரானது.

இன்னும் தீராதவை

சில கேள்விகளுக்கு இப்போதைக்கு உறுதியான விடை இல்லை. நேர்மையை அளக்கும் முறை எது? தனியார் தரங்களின் சமூக விதிகள் தாளில் இருக்கின்றன. வயலில் அவை எவ்வளவு வேலை செய்கின்றன என்பதற்கான சான்றுகள் மண் ஆய்வுக்கு நிகரான தெளிவோடு இல்லை. நுகர்வோர் அதற்கு விலை கொடுப்பார்களா என்பதும் ஐயத்துக்குரியதே. மரபு விதைகளின் மீட்பு இன்னொரு வழியைக் காட்டக்கூடும்: சிசிலியில் தும்மீனியா, ருஸ்ஸெல்லோ போன்ற பழங்கோதுமைகளும், திருத்துறைப்பூண்டி நெல் திருவிழாவில் 'நெல்' ஜெயராமன் பரப்பிய மரபு நெல்களும், முத்திரையைவிட விதையைக் கைமாற்றிக்கொள்ளும் உறவில் வளர்ந்தவை. அந்த உறவு ஊரெல்லை தாண்டித் தாக்குப்பிடிக்குமா என்பது இனித்தான் தெரியும்.

தமிழ்நாட்டுக் கொள்கை நடைமுறைக்கு வரும்போது, கோயில் நிலத்திலும் தனியார் நிலத்திலும் குத்தகைக்கு உழுபவரின் பெயருக்குச் சான்று வருமா, பட்டா வைத்திருப்பவரின் பெயருக்கு வருமா, களை பறிக்கும் பெண்ணின் கூலி எந்தப் பத்தியில் எழுதப்படும் என்பதை அதை நடத்துவோர் இப்போதே முடிவு செய்ய வேண்டும். ஐரோப்பா அந்தத் திசையில் ஓரடி வைத்திருக்கிறது. தொழிலாளர் பாதுகாப்புச் சட்டத்தை மீறும் பண்ணைக்கு வேளாண் மானியத்தைக் குறைக்கும் விதியை இத்தாலி 2023 முதல் நடைமுறைப்படுத்துகிறது. பச்சை இலை முத்திரைக்கு அந்த நிபந்தனை இன்னும் வரவில்லை.